விஎஃப்-17 'ஜாலி ராஜர்ஸ்': பதினைந்தே மாதம் இருந்த கோர்சேர் அணி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஎஃப்-17 என்பது எந்த அணி?

இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்கக் கடற்படையின் 17-ஆம் போர்விமான ஸ்குவாட்ரன். 'வி' என்பது காற்றைவிடக் கனமான ஊர்தி, அதாவது பலூன் அல்லாத விமானம். 'எஃப்' என்பது போர்விமானம். 1943 ஜனவரி 1 அன்று வர்ஜீனியாவின் நார்ஃபோக் தளத்தில் தொடங்கி, 1944 ஏப்ரல் 10 அன்று கலைக்கப்பட்டது. தலைவர் ஜான் தாமஸ் 'டாம்' பிளாக்பர்ன், துணைத்தலைவர் ரோஜர் ஹெட்ரிக். விமானம் வாட் நிறுவனத்தின் எஃப்4யு கோர்சேர். பங்கர் ஹில் என்ற புதிய விமானந்தாங்கிக் கப்பலுக்காகவே உருவாக்கிய அணி இது. ஆனால் தன் போர் முழுவதையும் சாலமன் தீவுகளின் பவளமண் ஓடுதளங்களிலிருந்துதான் நடத்தியது.

மண்டை ஓட்டுக் கொடி எப்படி வந்தது?

'கோர்சேர்' என்றால் கடற்கொள்ளையர். அந்தப் பெயருக்குப் பொருத்தமாகக் கொள்ளையர் கப்பலின் கறுப்புக் கொடியை என்ஜின் மூடியின் இருபுறமும் வரைந்தார்கள். அந்தக் கொடிக்கு ஆங்கிலத்தில் ஜாலி ராஜர் என்று பெயர். பிளாக்பர்னின் ஆட்களுக்கு ஒழுங்கு விஷயத்தில் நல்ல பெயர் இல்லை. நார்ஃபோக்கில் சேட்டை மிஞ்சிப்போய், வட கரோலைனாவின் மான்டியோ என்ற ஒதுக்குப்புறத் தளத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். தண்டனையாக அனுப்பிய இடம் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. தட்டிக்கேட்க அதிகாரி இல்லை, சுடப் பழகக் கடல் இருந்தது.

கோர்சேரைக் கப்பலில் இறக்குவது ஏன் அவ்வளவு கடினம்?

ஒரே கோளாறு என்று சொல்ல முடியாது. ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்தாறு சேர்ந்துகொண்டன.

முதலாவது மூக்கு. 1940 மே 29 அன்று பறந்த முன்மாதிரியில் எரிபொருள் தொட்டிகள் இறக்கையில் இருந்தன. ஐரோப்பியப் போரின் அனுபவத்தைப் பார்த்து, ஆறு அரை அங்குலத் துப்பாக்கிகளையும் இறக்கைக்குள் வைக்க முடிவானது. துப்பாக்கிக்கு இடம் விட்டு எரிபொருள் உடலுக்குள் வர வேண்டியதாயிற்று. 237 அமெரிக்க கேலன், ஏறக்குறைய 900 லிட்டர் பிடிக்கும் தொட்டியை விமானி அறைக்கு முன்னால் வைத்தார்கள். அறை மூன்றடிபோலப் பின்னால் தள்ளப்பட்டது. அதற்கு முன்னால் 18 சிலிண்டர், 2000 குதிரைத்திறன் டபுள் வாஸ்ப் என்ஜின். மூக்கைத் தூக்கி மெதுவாக இறங்கும் நேரத்தில் விமானிக்குக் கப்பல் தளமும் தெரியாது, கொடித்துடுப்பு காட்டும் அதிகாரியும் தெரியமாட்டார்.

அடுத்தது இடது இறக்கை. வேகம் குறைந்து இறக்கை தாங்குதிறனை இழக்கும்போது, 13 அடி 4 அங்குலப் பெரிய புரொப்பெல்லரின் காற்றோட்டத்தால் இடதுபக்கம் முந்திக்கொண்டு விழும், அதுவும் முன்னறிவிப்பு ஏதுமில்லாமல். 'இறங்காதே, மறுபடி சுற்றி வா' என்று சைகை வந்ததும் பதற்றத்தில் த்ராட்டிலை ஒரேயடியாகத் தள்ளினால் என்ஜினின் முறுக்குவிசை விமானத்தை இடதுபக்கமாகவே புரட்டிவிடும். புதியவர்கள் செத்தது பெரும்பாலும் இப்படித்தான்.

மூன்றாவது துள்ளல். முன்சக்கரக் கால்களின் அதிர்ச்சி தாங்கி, ஓலியோ என்பார்கள், அழுந்திய வேகத்திலேயே திரும்ப விரிந்தது. சக்கரம் தளத்தைத் தொட்டதும் விமானம் பந்துபோல எகிறி, வால்கொக்கி தடுப்புக் கம்பிகளுக்கு மேலாகவே போய்விடும். கம்பிகளைத் தாண்டினால் அடுத்து இருப்பது தடுப்பு வேலி. அதையும் தாண்டினால் நிறுத்திவைத்த மற்ற விமானங்கள்.

இவற்றோடு என்ஜின் மேல்பக்கத்திலிருந்து கசியும் எண்ணெயும் ஹைட்ராலிக் திரவமும் சேர்ந்து முன்கண்ணாடியைப் பூசி மெழுகிவிடும். ஏற்கெனவே தெரியாத தளம், இப்போது சுத்தமாகத் தெரியாது.

இவற்றை எப்படிச் சரிசெய்தார்கள்?

1942 செப்டம்பரில் சாங்கமன் கப்பலில் நடந்த சோதனையிலேயே குறைகள் தெரிந்துவிட்டன. கோர்சேரை முதலில் பெற்ற கடற்படை அணியான விஎஃப்-12 கொஞ்ச காலத்தில் அதைக் கைவிட்டு, கடற்படையின் இன்னொரு போர்விமானமான ஹெல்கேட்டுக்கு மாறியது. பிளாக்பர்னின் அணி விடவில்லை. 1943-இல் செசபீக் விரிகுடாவில் சார்ஜர் என்ற சிறு கப்பலிலும், பிறகு பங்கர் ஹில்லின் வெள்ளோட்டத்தின்போது டிரினிடாட் பக்கத்திலும் இறங்கி இறங்கிப் பார்த்து, வாட் தொழிற்சாலைக்குத் தகவல் கொடுத்துக்கொண்டே இருந்தது. எல்லாத் திருத்தமும் இவர்கள் கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் எது வேலை செய்கிறது என்று தளத்தில் இறக்கிக் காட்டியதில் இவர்கள் பங்கு பெரியது.

பார்வைக்காக இருக்கையை 7 அங்குலம் உயர்த்தி, மேல்மூடியையும் குவித்துக் கொடுத்தார்கள். கம்பிச்சட்டங்கள் நிறைந்ததால் 'பறவைக் கூண்டு' எனப்பட்ட பழைய மூடி போயிற்று. இதுதான் எஃப்4யு-1ஏ. பங்கர் ஹில் பசிபிக்குக்குக் கிளம்புமுன் இந்த வகை அணிக்குக் கிடைத்துவிட்டது.

இடது இறக்கை விழுவதற்கு வந்த மருந்து வேடிக்கையானது. இடதைத் திருத்தவில்லை, வலதைக் கெடுத்தார்கள். வலது இறக்கையின் முன்விளிம்பில், துப்பாக்கி வாய்களுக்குச் சற்று வெளியே, ஆறு அங்குல நீளத்தில் ஒரு சின்ன ஆப்பு. அது வலதுபக்கக் காற்றோட்டத்தையும் அதே நேரத்தில் உடைக்கும். இரண்டு இறக்கையும் சேர்ந்தே தாங்குதிறனை இழக்கும். ஒரு பக்கமாகக் கவிழாது.

துள்ளலுக்கு ஓலியோவின் வால்வை மாற்றினார்கள்: அழுந்தும்போது எளிதாக அழுந்தி, விரியும்போது மெதுவாக விரியும்படி. கண்ணாடியில் எண்ணெய் படிவதற்கு, என்ஜின் மூடியின் மேல்பக்க மடிப்புத் தகடுகளைத் திறக்காதபடி நிரந்தரமாக மூடிவிட்டார்கள். உள்ளே கசிவு இருந்தது, கண்ணாடிக்கு வரவில்லை. வால்சக்கரத்தின் காலையும் பின்னாளில் நீளமாக்கினார்கள்.

கருவி ஒரு பாதி, முறை மறு பாதி. நேராக வந்து இறங்கினால் மூக்கு மறைக்கும். அதனால் கடைசிவரை இடதுபக்கம் வளைந்தபடியே வந்து, தளத்தின் விளிம்பை எட்டும்போதுதான் இறக்கையைச் சமன் செய்வது.

இவ்வளவும் சரியானபின் ஏன் கப்பலைவிட்டு இறக்கினார்கள்?

'கோர்சேர் கப்பலுக்கு லாயக்கில்லை என்று விரட்டினார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் சந்தேகம் மேலிடத்தில் இருந்தது உண்மை. ஆனால் 1943 அக்டோபரில் முடிவைத் தீர்மானித்தது உதிரிபாகம். பசிபிக்கின் மற்ற விரைவு விமானந்தாங்கிக் கப்பல்களில் எல்லாம் ஹெல்கேட். ஹெல்கேட்டுக்கான டயர், பம்பு, தகடு, கருவிகள் என எல்லாம் ஹவாயிலும் முன்னணித் தளங்களிலும் குவிந்திருந்தன. கோர்சேருக்கான சரக்கு, அதே விமானத்தை ஓட்டிய அமெரிக்க மரீன் படையினர் இருந்த சாலமன் தீவுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு கப்பலுக்காகத் தனிச் சரக்கு வரிசை நடத்துவதா? பங்கர் ஹில்லில் விஎஃப்-17 இருந்த இடத்துக்கு ஹெல்கேட் ஓட்டும் விஎஃப்-18 வந்தது. கோர்சேர்காரர்கள் தெற்கே போய் 1943 அக்டோபர் 27 அன்று நியூ ஜார்ஜியா தீவின் ஒண்டோங்கா தளத்தில் இறங்கினார்கள்.

நம் பார்வையில் இது பிழையான முடிவு அல்ல. நடுக்கடலில் ஒரு வால்வு இல்லாமல் நிற்கும் விமானம் தளத்தை அடைத்துக்கொண்டிருக்கும் இரும்புதான். ஆனால் அதைக் கோர்சேரின் தோல்வியாகச் சொல்வது சரியில்லை. அடுத்த பதிலைப் படித்தால் தெரியும்.

1943 நவம்பர் 11 அன்று என்ன நடந்தது?

எசெக்ஸ், பங்கர் ஹில், இண்டிபெண்டன்ஸ் என்ற மூன்று விமானந்தாங்கிக் கப்பல்கள், நியூ பிரிட்டன் தீவில் ஜப்பானியரின் பெரிய தளமான ரபாவுலைத் தாக்கப் புறப்பட்டன. தங்கள் போர்விமானங்களைத் தாக்குதலோடு அனுப்பிவிட்டால் கப்பல்களுக்கு மேலே காவலுக்கு ஆள் குறையும். எனவே தரைத்தளங்களில் இருந்த இரு கடற்படை அணிகளிடம், ஹெல்கேட் ஓட்டிய விஎஃப்-33-இடமும் விஎஃப்-17-இடமும், காவல் பொறுப்பு வந்தது. ஒண்டோங்காவிலிருந்து வந்து, மேலே சுற்றி, திரும்பவும் போக எரிபொருள் போதாது. நடுவே கப்பலில் இறங்கி நிரப்ப வேண்டும். தரைத்தளத்தில் தேவையில்லை என்று கழற்றிவைத்திருந்த வால்கொக்கிகளை மறுபடி பூட்டினார்கள்.

விடியுமுன் கிளம்பிய கோர்சேர்கள், எந்தக் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டனவோ அதே பங்கர் ஹில்லில் இறங்கின. விபத்து ஒன்றும் இல்லை. எரிபொருளும் தோட்டாவும் நிரப்பி மறுபடி மேலே போனார்கள். பகலில் ஜப்பானியர் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களோடு கப்பல்களைத் தேடி வந்தார்கள். அன்று விஎஃப்-17 வீழ்த்தியதாகக் கோரிய கணக்கு 18.5; அதில் நான்கு அணியின் விமானி ஐரா கெப்ஃபோர்டுக்கு. மூன்று கப்பல்களும் தப்பின.

தரையில் எங்கெங்கே இருந்தார்கள்?

இரண்டு சுற்று. முதல் சுற்று ஒண்டோங்கா, 1943 டிசம்பர் தொடக்கம் வரை. நவம்பர் 1 அன்று போகன்வில் தீவின் டொரோகினாவில் மரீன்கள் கரையிறங்கியபோது மேலே காவல் நின்றதுதான் முதல் சண்டை.

இரண்டாம் சுற்று 1944 ஜனவரி கடைசி வாரம் முதல் மார்ச் 4 வரை, டொரோகினாவுக்குள்ளேயே வெட்டிய பிவா யோக் ஓடுதளத்தில். இந்த இடமாற்றத்தின் பலனைத் தூரம் சொல்லும். ஒண்டோங்காவிலிருந்து ரபாவுல் ஏறக்குறைய 700 கி.மீ.; பிவாவிலிருந்து 390 கி.மீ. ஏறக்குறைய பாதித் தூரம் குறைந்ததால் குண்டுவீச்சு விமானங்களோடு ரபாவுல் வரை போய், அங்கே முழு வேகத்தில் சண்டையும் போட்டுவிட்டு வீடு திரும்ப எரிபொருள் மிஞ்சியது. ரபாவுலைச் சுற்றி ஜப்பானியருக்கு லாகுனாய், வுனாகனாவ், ரபோபோ, டோபெரா, கெராவட் என ஐந்து தளங்கள் இருந்தன. அணியின் மொத்தக் கணக்கில் பெரும்பகுதி இந்த ஐந்தாறு வாரங்களில் வந்தது.

ஜீரோவை எப்படி எதிர்கொண்டார்கள்?

வளைந்து வளைந்து துரத்தாமல். குறைந்த வேகத்தில், ஜப்பானியரின் இலகுவான போர்விமானமான ஜீரோவோடு வட்டமடித்தால் இரண்டே சுற்றில் அது வாலுக்குப் பின்னால் வந்துவிடும். கோர்சேரின் பலம் எடை, பாய்ச்சல், நேர்வேகம்: 20,000 அடியில் மணிக்கு 670 கி.மீ. அளவில். உயரத்திலிருந்து பாய்ந்து, நெருங்கிச் சுட்டு, அதே வேகத்தில் மேலே ஏறிவிடுவது. மீண்டும் பாய உயரம் இல்லையென்றால் கிளம்பிவிடுவது. நான்கு விமானம் ஒரு பிரிவு, அதற்குள் இரண்டு ஜோடி. ஒருவன் வாலில் எதிரி ஏறினால் ஜோடிகள் ஒன்றை நோக்கி ஒன்று குறுக்கே திரும்பி, துரத்துபவனை மற்றவர் துப்பாக்கிமுன் கொண்டுவந்து நிறுத்தும் நெசவு முறை.

தோட்டாக் கணக்கும் தெரிந்துகொள்ள வேண்டியது. உள்பக்கத் துப்பாக்கிகள் நான்குக்கும் தலா 400, வெளிப்பக்கம் இரண்டுக்கும் தலா 375, மொத்தம் 2350. பெரிய எண்ணாகத் தெரியும். துப்பாக்கி ஒவ்வொன்றும் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு சுடும் என்று வைத்தால், விசையை விடாமல் அழுத்தினால் முப்பது நாற்பது நொடிதான் வரும். அதனால்தான் பிளாக்பர்ன் சுடும் பயிற்சியை மற்ற எதற்கும் மேலாக வைத்தார்.

இரண்டாம் சுற்றில் இன்னொன்றும் செய்தார்கள். குண்டுவீச்சு விமானங்களை ஒட்டிப் பறக்கும் காவலோடு, நான்கைந்து கோர்சேர்களைத் தனியாக 30,000 அடிக்கு மேல் அனுப்பினார்கள். இவை முன்கூட்டியே ரபாவுலுக்குப் போய், ஜீரோக்கள் மேலேறி அணிவகுக்கும் நேரத்தில் பாய்ந்தன. பாதி உயரத்தில், வேகம் இல்லாமல் சிக்கும் ஜீரோவால் வளைந்து தப்பவும் முடியாது.

கெப்ஃபோர்டின் பிப்ரவரி 19 ஓட்டம் உண்மைதானா?

உண்மை. 1944 பிப்ரவரி 19 அன்று ரபாவுல் பக்கம் தனியாக மாட்டிக்கொண்டார். வழியில் ஒரு மிதவை விமானத்தை வீழ்த்தியவர், பெரிய ஜப்பானியக் கூட்டத்தின் கண்ணில் பட்டார். மூன்று விமானங்கள் துரத்தின. அலையை உரசும் உயரத்துக்கு இறங்கி, என்ஜினுக்குள் தண்ணீர் செலுத்தும் அவசர முறையைப் போட்டு ஓடினார். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் வெப்பம் தணியும். என்ஜின் வெடித்துத் தட்டாமல் கூடுதல் அழுத்தம் தாங்கும். 2000 குதிரைத்திறன் 2250 வரை போகும். ஆனால் தொட்டித் தண்ணீர் சில நிமிடங்களுக்குத்தான்.

தொல்லை என்னவென்றால் அவர் ஓடிக்கொண்டிருந்தது வீட்டுக்கு எதிர்த்திசையில். ஒரு கட்டத்தில் திரும்பித்தான் ஆக வேண்டும். சட்டென்று இடதுபக்கம் வெட்டித் திரும்பினார். உள்வட்டத்தில் வளைந்து மறிக்க முயன்ற ஜீரோவின் இறக்கைநுனி கடலில் பட்டுச் சிதறியது. தொட்டி அடிமட்டத்தைத் தொட்ட நிலையில் பிவாவில் இறங்கினார். அத்தோடு கணக்கு 16. கோர்சேர் ஓட்டிய கடற்படை விமானிகளில் (மரீன்களைச் சேர்க்காமல்) அதுவே முதலிடம்.

ரபாவுல் வானில் பெரிய சண்டை அநேகமாக அன்றோடு ஓய்ந்தது. பிப்ரவரி 17, 18 தேதிகளில் ஜப்பானியரின் பெரிய கடற்படைத் தளமான ட்ரக் தீவு அடிபட்டதும், ரபாவுலில் மிஞ்சிய விமானங்களை ஜப்பானியர் அங்கே அழைத்துக்கொண்டார்கள்.

மொத்தம் எத்தனை விமானங்களை வீழ்த்தினார்கள்? ஓரிடத்தில் 152, ஓரிடத்தில் 154 என்கிறார்களே?

இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. ஒரே விமானத்தை இருவர் சுட்டால் ஆளுக்கு அரை. உறுதி, உத்தேசம் என்ற பிரிவில் பின்னாளில் மாற்றங்கள். எனவே ஒன்றிரண்டு கூடக்குறைய வரும். ஐந்து அல்லது அதற்கு மேல் வீழ்த்திய 'ஏஸ்' விமானிகளின் எண்ணிக்கையும் அப்படியே: ஐந்தை இந்த அணியிலேயே எட்டியவர்களை மட்டும் எண்ணுவதா, முன்பின் அணிகளில் பெற்றதையும் சேர்ப்பதா என்பதைப் பொறுத்துப் பன்னிரண்டையொட்டி மாறும். உதாரணம் ஹெட்ரிக்: இங்கே 9, அடுத்த அணியில் 3. பிளாக்பர்னுக்கு 11.

இவை எல்லாம் கோரிய கணக்கு என்பதை மறக்கக்கூடாது. புகைவிட்டுக்கொண்டு மேகத்துக்குள் போன ஜீரோ விழுந்ததா, தளத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. ரபாவுலுக்கு மேல் ஒரே ஜீரோவை மூன்று அணிக்காரர்கள் சுட்டு, மூவரும் எழுதிக்கொள்வதும் நடந்தது. ஜப்பானியப் பதிவுகளில் இழப்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும்; எல்லா நாட்டு விமானப்படைக்கும் இது பொருந்தும். சண்டை நாட்கள் 76. இந்தப் பக்கத்திலும் பத்துக்கும் மேற்பட்ட விமானிகள் திரும்பவில்லை.

'பிளாக் ஷீப்' அணியும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது மரீன் படையின் விஎம்எஃப்-214, தலைவர் பாயிங்டன். அதே கோர்சேர், அதே வானம், அதே காலம் என்பதால் குழப்பம். பாயிங்டன் 1944 ஜனவரி 3 அன்று ரபாவுல் அருகே வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். விஎஃப்-17-இன் இரண்டாம் சுற்று அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

இவ்வளவு நன்றாக இருந்த அணியை ஏன் கலைத்தார்கள்?

நன்றாக இருந்ததுதான் காரணம். போர்ச்சுற்று முடித்த அணியை ஊருக்கு அழைத்து, விமானிகளைப் பிரித்துப் புதிய அணிகளுக்குத் தலைவர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் அனுப்புவது அமெரிக்கக் கடற்படையின் வழக்கம். பழைய கைகளைச் சாகும்வரை முன்னணியிலேயே வைத்த ஜப்பானுக்கு 1944-இல் பயிற்றுவிக்க ஆள் இல்லாமல் போனதோடு இதை ஒப்பிடலாம். 1944 மே மாதம் ஹெட்ரிக் தலைமையில் தொடங்கிய விஎஃப்-84-க்கு விஎஃப்-17-இன் பழைய ஆட்களே விதைநெல். 1945-இல் அவர்கள் போன கப்பல் பங்கர் ஹில், விமானம் கோர்சேர். அந்த அணியும் 1945 அக்டோபரில் முடிந்தது.

கப்பல்களில் கோர்சேருக்கு வழி திறந்த கதையும் இங்கேதான் வருகிறது. திருத்திய ஓலியோவோடு விஎஃப்-301 அணி கேம்பியர் பே கப்பலில் 113 முறை இறங்கிக் காட்டி அனுமதி வாங்கியது 1944 ஏப்ரலில். விஎஃப்-17 கலைந்த அதே மாதம்.

இன்றைய ஜாலி ராஜர்ஸ் இதன் வாரிசா?

சின்னத்துக்கு வாரிசு, அணிக்கு அல்ல. 1944 ஏப்ரல் 18 அன்று விஎஃப்-17 என்ற எண்ணில் மீண்டும் ஓர் அணி அமைந்தது. ஆட்கள் வேறு, விமானம் ஹெல்கேட். ஆவணத்தில் அது தொடர்ச்சியாக எண்ணப்பட்டு, விஎஃப்-5பி, பிறகு விஎஃப்-61 என்று எண் மாறி, 1959-இல் கலைந்தது. மண்டை ஓட்டை அப்போதிருந்த விஎஃப்-84 எடுத்துக்கொண்டது. அது 1955-இல் தோன்றிய அணி. ஹெட்ரிக்கின் விஎஃப்-84 அல்ல. அதுவும் 1995-இல் கலைந்தபோது விஎஃப்-103 எடுத்துக்கொண்டது. இன்று சூப்பர் ஹார்னெட் ஜெட் விமானத்தில் மண்டை ஓடு சுமப்பது அந்த அணிதான்.

மாடல் செய்யும்போது எங்கே தவறுகிறார்கள்?

மாடல் பெட்டியில், 1ஏ-க்குப் பிந்தைய வகையான 'எஃப்4யு-1டி' என்றிருந்தால் இறக்கையின் குண்டுத் தாங்கிகளைச் சேர்க்காதீர்கள். புரொப்பெல்லருக்கு மூன்று இதழ். நான்கு இதழ் பிந்தைய எஃப்4யு-4-க்கு. மேல்மூடியின் உச்சியில் இரண்டு மெல்லிய சட்டங்கள் இருக்கும் தொடக்கக் கால 1ஏ வகை மூடியைப் போடுங்கள். வலது இறக்கையின் ஆப்பு பல பெட்டிகளில் இருக்காது. பிளாஸ்டிக் துண்டில் செதுக்கி ஒட்டலாம்.

நிறம் மூன்று அடுக்கு: மேலே பளபளப்பில்லாத கடல்நீலம், பக்கவாட்டில் நடுத்தர நீலம், அடியில் வெள்ளை. எல்லைகள் மங்கிக் கலக்க வேண்டும். பெரும்பாலானோர் விடுவது விமானி அறைக்கு முன்னுள்ள வெள்ளைப் பட்டைகள். அவை அலங்காரமல்ல. எரிபொருள் தொட்டிக்கு மேலுள்ள தகடுகளின் இணைப்பில் பெட்ரோல் கசிந்ததால் ஒட்டிய நாடா. தகட்டுக் கோட்டின்மேலேயே, ஓரம் கொஞ்சம் கோணலாக வரைந்தால் நிஜம்போல இருக்கும். வண்ணம் பவளத் தூசியிலும் வெயிலிலும் வெளுத்திருக்கட்டும். நவம்பர் 11 விமானத்தைச் செய்தால் மட்டும் வால்கொக்கி.

இந்தியா, இலங்கைப் பக்கம் கோர்சேர் வந்ததா?

விஎஃப்-17 வரவில்லை. பிரிட்டிஷ் கடற்படையின் கோர்சேர்கள் வந்தன. 1944 தொடக்கத்தில் இல்லஸ்ட்ரியஸ் கப்பலோடு 1830, 1833 என்ற இரு அணிகள் திருகோணமலைக்கு வந்து, ஏப்ரல் 19 அன்று சுமாத்திராவின் சபாங் மீதான தாக்குதலுக்குப் போயின. பிரிட்டிஷ் கப்பல்களின் கீழ்த்தளக் கொட்டகை உயரம் குறைவு; மடித்த இறக்கை இடிக்காமலிருக்க ஒவ்வொரு நுனியிலும் 8 அங்குலம் வெட்டினார்கள். இறங்கும்போது விமானம் மிதந்துகொண்டே போகும் குணமும் அதனால் குறைந்தது. அவர்களின் கடற்படை விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரிய தளம் ஒன்று கோயம்புத்தூரில் 'கருடா' என்ற பெயரில் இயங்கியது. அந்தப் பெயரை இந்தியக் கடற்படை 1953-இல் கொச்சித் தளத்துக்கு வைத்தது.